கொப்பூழ்க்கொடி இரத்தம்: சேமிப்பதா, கொடையளிப்பதா?

குழந்தை பிறந்ததும் அதனைத் தாயோடு இணைத்திருந்த கொப்பூழ்க்கொடியைக் கட்டி அறுப்பது வழக்கம். அதன்பின் வெளிப்படும் நஞ்சுக்கொடியை மண்ணில் புதைத்துவிடுவது நம் நாட்டுக் கிராமங்களில் தொன்றுதொட்டு வந்த முறையாகும். மருத்துவமனைகளில் அது கழிவுப் பொருளாகக் கருதப்பட்டு அகற்றப்படுகிறது. ஆயினும், அக்கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் தங்கிவிடும் சிறிதளவு இரத்தம் சில கொடிய நோய்களைத் தீர்க்கும் ஆற்றல் வாய்ந்தது என்பதை ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்கால ஆராய்ச்சியும் அனுபவமும் மெய்ப்பித்துள்ளன.

இதன் விளைவாக, கருவுற்ற தாய்மாரிடமும் அவர்தம் குடும்பத்தாரிடமும் இன்று ஒரு புதிய வினா எழுப்பப்படுகிறது. குழந்தையின் கொடி இரத்தத்தைப் பணம் கட்டிச் சேமித்து வைக்க விருப்பமா என்று தனியார் வங்கிகள் கேட்கின்றன. பெருநகரங்களில் தொடங்கிய இவ்வழக்கம் சிறு நகரங்களையும் எட்டியுள்ளது. பல பத்தாயிரம் ரூபாய் செலவாகும் இக்காரியத்தைக் கடன் வாங்கியேனும் செய்யாவிடில் பிள்ளைக்குக் குறை வைத்தவராவோமோ என்று அஞ்சும் பெற்றோர் உளர். மற்றொருபுறம், இவ்விரத்தத்தால் மெய்யாகவே பயன்பெறக்கூடிய குடும்பங்கள் சில, செய்தி அறியாமையால் வாய்ப்பை இழந்துவிடுகின்றன. இவ்விரு சாராருக்கும் தக்க காலத்தில் தக்க சொல்லைச் சொல்லக்கூடியவர்கள் சுகாதாரச் செவிலியர்கள், ஆஷா பணியாளர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியர்கள் ஆகியோரே. அவர்களுக்குப் பயன்படும் பொருட்டு இப்பொருளை இங்கு ஆராய்வோம்.

கொடி இரத்தத்தில் உள்ளது யாது?

நம் உடலில் ஓடும் இரத்தத்தின் அணுக்கள் நிலைத்து வாழ்பவை அல்ல. ஒரு செவ்வணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து அழிகிறது. வெள்ளணுக்களிலும் தட்டணுக்களிலும் பெரும்பாலானவற்றின் ஆயுள் இதனினும் குறுகியது. அழிவனவற்றுக்கு ஈடாகப் புதிய அணுக்கள் இடையறாது உண்டாகிக்கொண்டே இருத்தல் வேண்டும். இப்பணி எலும்புகளின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில் நடைபெறுகிறது. அங்குள்ள ஒருவகை மூல அணுக்களே பெருகிப் பிரிந்து எல்லாவகை இரத்த அணுக்களையும் தோற்றுவிக்கின்றன. இவற்றைக் குருத்தணுக்கள் என்பர். மருத்துவர்கள் ஸ்டெம் ஸெல் என்று வழங்குவதும் இவற்றையே. உழவர் வீட்டில் விதைநெல் எத்தகையதோ, உடலில் குருத்தணுக்கள் அத்தகையவை எனலாம்.

வளர்ந்தவர்களின் உடலில் இவ்வணுக்கள் பெரும்பாலும் மஜ்ஜையில் தங்கியிருக்கும். ஓடும் இரத்தத்தில் மிக அரிதாகவே காணப்படும். பிறக்கும் குழந்தையின் இரத்தத்திலோ அவை நிறைந்துள்ளன. கொடியை அறுத்தபின் நஞ்சுக்கொடியில் எஞ்சும் இரத்தம் குழந்தையின் இரத்தமே ஆதலால், அதிலும் குருத்தணுக்கள் மிகுதி. இதுவே அவ்விரத்தத்தின் சிறப்பிற்குக் காரணம்.

மஜ்ஜை பழுதுற்றவருக்கு, அல்லது மஜ்ஜையில் புற்றுநோய் தோன்றியவருக்கு, மருத்துவர்கள் முதலில் கடுமையான மருந்துகளால் அப்பழுதுற்ற மஜ்ஜையை அழிக்கின்றனர். பிறகு பொருத்தமான குருத்தணுக்களை இரத்தக் குழாய் வழியே செலுத்துகின்றனர். அவை தாமே எலும்புகளின் உட்புகுந்து தங்கிப் புதிய இரத்தத்தை உண்டாக்குகின்றன. இதற்கு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை என்று பெயர். நம் நாட்டில் இச்சிகிச்சை 1983இல் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கப்பெற்றது.

கொடி இரத்தத்தைக் கொண்டு இச்சிகிச்சை முதன்முதலாக 1988 அக்டோபரில் பாரிஸ் நகரின் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மன் என்னும் மருத்துவப் பேரறிஞரின் தலைமையில் நடைபெற்றது. ஃபான்கோனி இரத்தசோகை என்னும் பரம்பரை நோயால் வருந்திய அமெரிக்கச் சிறுவன் ஒருவனுக்கு, அப்போது பிறந்த அவன் தங்கையின் கொடி இரத்தம் செலுத்தப்பட்டது. அமெரிக்காவில் ஹால் பிராக்ஸ்மேயர் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் உறைநிலையில் காக்கப்பட்ட அவ்விரத்தம் பாரிஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. சிறுவன் நலம் பெற்றான். அவனுக்கு உதவியது அவனுடைய சொந்த இரத்தம் அன்று. நோயற்ற உடன்பிறப்பின் இரத்தமே என்பதை இங்கு மனத்திற்கொள்ளல் வேண்டும். பின்வரும் செய்திகள் அனைத்திற்கும் இவ்வுண்மையே அடிப்படை.

மூவகைச் சேமிப்பு

கொடி இரத்தத்தைச் சேமிக்கும் முறைகள் மூன்று. முதலாவது, தனியார் சேமிப்பு. பெற்றோர் கட்டணம் செலுத்தித் தம் குழந்தைக்கென்றே இரத்தத்தை வைத்திருப்பர். இரண்டாவது, பொதுக் கொடை. தாய் மனமுவந்து அளிக்கும் இரத்தத்தைப் பொது வங்கி சோதித்து வைத்திருந்து, பொருத்தமுள்ள நோயாளி எவருக்கேனும் வழங்கும். இத்தகைய முதல் வங்கி 1990களின் தொடக்கத்தில் நியூயார்க் நகர இரத்த மையத்தில் ஏற்பட்டது. கொடுப்பவருக்குச் செலவு இல்லை. ஆனால் கொடுத்தபின் அதன்மேல் அவருக்குத் தனியுரிமையும் இல்லை. மூன்றாவது, குறித்த ஒருவருக்கான சேமிப்பு. குடும்பத்தில் ஏற்கெனவே நோயுற்றுள்ள ஒரு குழந்தைக்குப் பயன்படும் என்று மருத்துவர் கருதும்போது, பிறக்கவிருக்கும் தம்பி அல்லது தங்கையின் கொடி இரத்தத்தை அக்குழந்தைக்கெனவே சேமித்தல் இம்முறையாகும்.

இம்மூன்றும் ஒரே செயல்போலத் தோன்றினும் பயனால் பெரிதும் வேறுபட்டவை. விளம்பரங்கள் முதலாவதைப் பற்றியே பேசுகின்றன. மருத்துவ அறிஞர்கள் வற்புறுத்துவதோ மூன்றாவதையும், வசதியுள்ள இடங்களில் இரண்டாவதையுமே.

தன் இரத்தம் தனக்கு உதவுமா?

கொடி இரத்தச் சேமிப்பைக் குழந்தையின் ஆயுட்காலக் காப்பீடு என்று கூறுவதுண்டு. கொடி இரத்தத்தால் எண்பதுக்கு மேற்பட்ட நோய்கள் தீரும் என்றும் பட்டியல் காட்டப்படுகிறது. பட்டியல் முழுவதும் பொய் என்று கூறுவதற்கில்லை. ஆயின் அந்நோய்களுள் பெரும்பாலானவை பிறருடைய குருத்தணுக்களால் தீர்பவையேயன்றித் தன் குருத்தணுக்களால் தீர்பவை அல்ல என்பது அங்கே தெளிவாகச் சொல்லப்படுவதில்லை.

தலசீமியாவை எடுத்துக்கொள்வோம். செவ்வணுக்களின் நிறப்பொருளாகிய ஹீமோகுளோபினை உண்டாக்கும் மரபணுவில் உள்ள குறையால் இந்நோய் விளைகிறது. அக்குறை, கரு உருவான நாள்தொட்டு உடலின் ஒவ்வோர் அணுவிலும் உள்ளது. கொடி இரத்தத்தின் குருத்தணுக்களிலும் உள்ளது. எனவே, அக்குழந்தையின் கொடி இரத்தத்தை அதற்கே திரும்பச் செலுத்தினால் நோயே மீண்டும் முளைக்கும். விதைநெல்லிலேயே பழுதிருப்பின், அதனை எத்தனை ஆண்டு பத்திரமாக வைத்திருந்து விதைத்தாலும் பயிர் பழுதாகவே விளையுமன்றோ? அரிவாள் அணுச் சோகை முதலிய ஏனைய பரம்பரை இரத்த நோய்களுக்கும் இது பொருந்தும்.

குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. பிற்காலத்தில் புற்றுநோயுற்ற சில குழந்தைகள் பிறந்தபோது எடுத்து வைத்திருந்த இரத்தத் துளிகளை 1990களின் பிற்பகுதியில் ஆராய்ந்தபோது, நோயின் முதல் மாறுதல் பிறப்பிலேயே அதில் இருந்தமை புலனாயிற்று. அன்றியும், பிறருடைய குருத்தணுக்களிலிருந்து தோன்றும் வெள்ளணுக்கள் எஞ்சிய புற்றணுக்களைப் பகையென்று உணர்ந்து அழிக்கின்றன. தன்னுடைய அணுக்களுக்கு அவ்வாற்றல் இல்லை.

அவ்வாறாயின், சேமித்த இரத்தம் அதே குழந்தைக்குப் பயன்படும் வாய்ப்பு எவ்வளவு? பிறந்து இருபது ஆண்டுகளுக்குள் அவ்வாறு பயன்படக்கூடிய வாய்ப்பு 2,500 குழந்தைகளுக்கு ஒன்று என்பது மேல் எல்லை. 2,00,000 குழந்தைகளுக்கு ஒன்று என்பது கீழ் எல்லை என்று மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை வல்லுநர்கள் மதிப்பிட்டுள்ளனர். இக்காரணங்களால், குழந்தையின் சொந்த உபயோகத்திற்கென இரத்தத்தைச் சேமித்து வைப்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017இல் வெளியிட்ட குருத்தணு ஆராய்ச்சி வழிகாட்டு நெறிகளின் கருத்து. தனியார் சேமிப்பைக் காப்பீடு என்று கூறுவது பொருந்தாது என்பதை இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2018இல் தெளிவுபடுத்தியது.

மூளை வாதம், ஆட்டிசம், நீரிழிவு முதலியவற்றுக்கும் இது மருந்தாகும் என்று கூறப்படுவதைக் களப் பணியாளர்கள் கேட்டிருக்கக்கூடும். அவை இன்னும் ஆராய்ச்சி நிலையைத் தாண்டவில்லை. நிலைநாட்டப்பட்ட சிகிச்சையாகக் குருத்தணுக்கள் பயன்படுவது பெரும்பாலும் இரத்த நோய்களிலும், நோயெதிர்ப்பாற்றல் குறைவுகளிலும், சில பரம்பரை வளர்சிதை நோய்களிலும் மட்டுமே.

அளவைப் பற்றிய ஒரு கணக்கு

ஆசிரியர்கள் வகுப்பில் கரும்பலகையில் செய்து காட்டத்தக்க கணக்கு ஒன்று உண்டு. சிகிச்சைக்கு, நோயாளியின் உடல் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ 3 கோடி உட்கருவுள்ள அணுக்கள் தேவை. கொடி இரத்தத்தின் ஒரு மில்லி லிட்டரில் இத்தகைய அணுக்கள் சுமார் 1 கோடி உள்ளன எனக் கொள்வோம். 75 மில்லி லிட்டர் சேகரித்தால் 75 கோடி அணுக்கள் கிடைக்கும். இதனை 3 கோடியால் வகுத்தால் 25 வரும். அதாவது, முறைப்படுத்துவதிலும் உறையவைத்து உருக்குவதிலும் யாதொரு சேதமும் நேராவிடினும், இவ்விரத்தம் 25 கிலோகிராம் எடையுள்ள சிறுவன் ஒருவனுக்கே போதுமானது. 60 கிலோகிராம் எடையுள்ள வாலிபனுக்கு அது போதாது.

அணுக்கள் குறைவாதலால், கொடி இரத்தம் உடலில் வேரூன்றப் பிடிக்கும் காலம் மஜ்ஜையைக் காட்டிலும் மிகுதி. அவ்விடைக்காலத்தில் நோயாளியைத் தொற்று நோய்கள் தாக்கும் அபாயமும் மிகுதி. இதற்கு மாறாக, கொடி இரத்தத்திற்குத் தனிச் சிறப்புகளும் உள. அதிலுள்ள நோயெதிர்ப்பு அணுக்கள் இன்னும் முதிராதவை ஆதலின், கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே பொருத்தம் சிறிது குறைந்தாலும் உடல் அதனைத் தாங்கிக்கொள்கிறது. தயாராக உறைநிலையில் இருப்பதால், கொடையாளரைத் தேடியழைக்க வேண்டிய காலதாமதமும் இல்லை. உறைநிலையில் 23 ஆண்டுகளுக்கு மேல் இருந்த கொடி இரத்தத்தின் குருத்தணுக்கள் உயிர்ப்புடன் இருந்தமையை 2011இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது.

முதல் உரிமை குழந்தைக்கே

கொடி இரத்தத்தை வீணாகும் பொருள் என்று கூறும் வழக்கத்தை ஆராய்ந்து நோக்குதல் அவசியம். குழந்தை வெளிவந்த கணத்தில், அதன் இரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நஞ்சுக்கொடியில் இருக்கும். கொடியை உடனே கட்டாமல் விட்டால், அவ்விரத்தம் குழந்தையின் உடலுக்குள் பாய்ந்துகொண்டே இருக்கும். முதல் நிமிடத்தில் சுமார் 80 மில்லி லிட்டரும், மூன்று நிமிடங்களில் சுமார் 100 மில்லி லிட்டரும் இவ்வாறு குழந்தையைச் சேருகின்றன. மூன்று கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்கு இது சிறிய அளவன்று. இவ்விரத்தத்தோடு செல்லும் இரும்புச் சத்து, முதல் சில மாதங்களில் குழந்தையை இரத்தசோகையினின்றும் காக்கிறது.

நம் நாட்டில் இதன் முக்கியத்துவம் பெரிது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 6 முதல் 59 மாதங்கள் வரை வயதுள்ள குழந்தைகளில் 100க்கு 67 பேர் இரத்தசோகை உடையவர்கள். எனவேதான், குழந்தை பிறந்து ஒரு நிமிடத்திற்கு முன் கொடியைக் கட்டலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2018இல் தொடங்கப்பெற்ற இரத்தசோகையற்ற பாரதம் என்னும் இயக்கமும் கொடியைத் தாமதித்துக் கட்டுவதைத் தன் நடவடிக்கைகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது.

ஆகவே, வங்கிக்கு அதிக இரத்தம் கிடைக்கவேண்டும் என்பதற்காகக் கொடியை அவசரமாகக் கட்டுவது, குழந்தையின் இரத்தத்தை எடுத்துப் பெட்டியில் பூட்டுவதற்கு ஒப்பாகும். பிறந்தவுடன் செயற்கைச் சுவாசம் முதலிய உடனடிச் சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளின் நிலை வேறு. அதனை மருத்துவரே தீர்மானிப்பார். மற்றபடி, குழந்தைக்கு உரியது குழந்தைக்குச் சென்றபின் எஞ்சுவதைச் சேகரிப்பதே முறை. அவ்வாறு எஞ்சுவது பல சமயங்களில் வங்கிக்குப் போதாமற்போகலாம். அதனால் குழந்தைக்கு இழப்பு ஒன்றுமில்லை என்று பெற்றோருக்கு எடுத்துரைக்கலாம்.

நோயுற்ற குழந்தை உள்ள இல்லம்

இதுவரை கூறியவற்றால் கொடி இரத்தச் சேமிப்பு பயனற்றது என்று எண்ணிவிடலாகாது. அது பெரும் பயன் தரும் இல்லங்கள் உண்டு. இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் கடுமையான தலசீமியாவுடன் பிறப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பிறர் இரத்தம் ஏற்றியே அக்குழந்தைகள் உயிர்வாழ வேண்டியுள்ளது. மத்திய இந்தியாவின் பழங்குடி மக்களிடையே அரிவாள் அணுச் சோகை மிகுதியாகக் காணப்படுகிறது. அதனை ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தில் தொடங்கப்பெற்றது. இத்தகைய நோயுற்ற குழந்தை ஒன்று வீட்டில் இருக்க, தாய் மீண்டும் கருவுற்றிருப்பின், பிறக்கவிருக்கும் குழந்தையின் கொடி இரத்தம் மூத்த குழந்தையின் நோயைத் தீர்க்கும் மருந்தாகக்கூடும்.

அதற்கு இரண்டு நிபந்தனைகள் உள. முதலாவது, திசுப் பொருத்தம். இதனைத் தீர்மானிக்கும் எச்.எல்.ஏ. என்னும் மரபணுத் தொகுதி ஆறாவது குரோமோசோமில் உள்ளது. ஒவ்வொருவருக்கும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு தொகுதிகள் வருகின்றன. தாயினுடையவற்றைச் சிவப்பு மணி, நீல மணி என்றும், தந்தையினுடையவற்றை மஞ்சள் மணி, பச்சை மணி என்றும் கொண்டால், குழந்தைகளுக்கு நான்கு வகைச் சேர்க்கைகளே அமையக்கூடும். எனவே உடன்பிறந்தார் இருவர் முழுதும் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பே உள்ளது. மாணவர்களைக் கொண்டு மணிகளை எடுக்கச் செய்து ஆசிரியர்கள் இதனை எளிதில் விளக்கலாம்.

இரண்டாவது, புதிய குழந்தைக்கும் அந்நோய் இருத்தலாகாது. தாயும் தந்தையும் தலசீமியாவின் மரபைச் சுமப்பவராயின், ஒவ்வொரு பேற்றிலும் நோயுள்ள குழந்தை பிறப்பதற்கு நான்கில் ஒரு வாய்ப்பும், கடும் நோயற்ற குழந்தை பிறப்பதற்கு நான்கில் மூன்று வாய்ப்பும் உண்டு. பெற்றோரைப்போல் மரபை மட்டும் சுமக்கும் குழந்தையும் கொடையாளர் ஆகலாம். இம்மரபணு பதினோராம் குரோமோசோமில் இருப்பதால், திசுப் பொருத்தத்தோடு இதற்குத் தொடர்பில்லை. ஆகவே இரு நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேறும் வாய்ப்பு, நான்கில் ஒன்றை நான்கில் மூன்றால் பெருக்கக் கிடைக்கும் பதினாறில் மூன்றாகும். இது மிகுந்த வாய்ப்பன்று. ஆயினும் 2,500இல் ஒன்று என்பதோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேலானது. எனவே இத்தகைய குடும்பங்களில் கொடி இரத்தத்தைச் சேமித்தல் தகும் என்று மேற்கூறிய வழிகாட்டு நெறிகளும் ஏற்கின்றன. நோயுள்ள குழந்தை பிறவாமல் தடுக்கும் பொருட்டுக் கருவின் தொடக்க மாதங்களிலேயே செய்யப்படும் பரிசோதனையைப் பற்றியும் இக்குடும்பங்களுக்கு அறிவித்தல் வேண்டும்.

இங்கு ஓர் ஆறுதலான செய்தியும் உண்டு. ஏதோ காரணத்தால் கொடி இரத்தம் சேகரிக்கப்படாமற்போனாலும் வழி அடைந்துவிடுவதில்லை. பொருத்தமுள்ள அக்குழந்தை சிறிது வளர்ந்தபின் அதன் மஜ்ஜையை எடுத்துப் பயன்படுத்தலாம். சேகரித்த கொடி இரத்தத்தின் அளவு குறைவாயின், அதே குழந்தையின் மஜ்ஜையையும் உடன் சேர்த்துச் செலுத்துவதும் வழக்கம். சிகிச்சைச் செலவிற்கு, 2017இல் தொடங்கப்பெற்ற தலசீமியா பால சேவா திட்டத்தின்கீழ், குறித்த சில மருத்துவமனைகளில், விதிகளுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கிறது. கோல் இந்தியா நிறுவனத்தின் நிதியால் இத்திட்டம் நடைபெறுகிறது.

பொதுக் கொடை

வீட்டில் நோயுற்றவர் எவரும் இல்லாவிடில், கொடி இரத்தத்தைப் பொது வங்கிக்கு அளிப்பது உயர்ந்த செயலே. ஆயின் நம் நாட்டில் தனியார் வங்கிகளே பெருகியுள்ளன; பொது வங்கிகள் மிகச் சில. அவற்றோடு தொடர்புள்ள மருத்துவமனைகளில் மகப்பேறு நிகழ்ந்தாலன்றிக் கொடையளிக்க இயலாது. எனவே, மகப்பேற்று மருத்துவமனையில் இவ்வசதி உண்டா என்று முன்கூட்டியே விசாரித்தல் நன்று. இல்லையெனில் தாய் வருந்த வேண்டியதில்லை. இரத்தம் தன் குழந்தையையே சென்றடைந்தது என்று மனநிறைவு கொள்ளலாம்.

சேகரிக்கும் முறையால் தாய்க்கோ குழந்தைக்கோ வலி இல்லை. கொடியைக் கட்டி அறுத்தபின், நஞ்சுக்கொடிப் பக்கமுள்ள கொடியின் நாளத்தில் ஊசியைச் செருகி, உறையாமல் தடுக்கும் திரவமுள்ள பையில் இரத்தத்தை வடிப்பர். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். பை வங்கியை அடைந்ததும் அணுக்களின் எண்ணிக்கை, உயிர்ப்பு, திசு வகை ஆகியவை கணிக்கப்படும். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ்கள், மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்கான சோதனைகளும் நடைபெறும். அதற்காகத் தாயின் இரத்தமும் சிறிது எடுக்கப்படும். தேறியவற்றைத் திரவ நைட்ரஜனில் பூஜ்யத்திற்குக் கீழ் 196 டிகிரி சென்டிகிரேடு குளிரில் வைப்பர்.

பிறருக்கு உதவ விழைவோருக்கு மற்றொரு வழியும் உண்டு. வளர்ந்தவர்கள் தம் குருத்தணுக்களைக் கொடையளிக்கப் பெயர் பதிந்துகொள்ளலாம். 2009இல் சென்னையில் தோன்றிய தாத்ரி போன்ற பதிவகங்கள் இப்பணியைச் செய்கின்றன. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்தாலே திசு வகையைக் கணிக்கலாம். பாதி மட்டும் பொருந்தும் தாய், தந்தை ஆகியோரின் குருத்தணுக்களையும் பயன்படுத்தும் முறை இப்போது முன்னேறியுள்ளது. இவற்றின் காரணமாக, கொடி இரத்தத்தையே நம்பியிருக்க வேண்டிய நிலை முன்னினும் குறைந்துள்ளது.

சட்டமும் ஒப்பந்தமும்

கொடி இரத்த வங்கிகள் உரிமம் பெற்றே நடைபெறல் வேண்டும். மருந்துகள், அழகுப் பொருள்கள் விதிகளில் 2011 டிசம்பரில் செய்யப்பட்ட திருத்தம் இதற்கான முறைகளை வகுத்துள்ளது. எல்லாவற்றையும் கேட்டறிந்தபின்னும் தனியார் சேமிப்பையே பெற்றோர் விரும்பினால், அது அவர்தம் உரிமை. அவர்கள் கையொப்பமிடுமுன் சில வினாக்களைக் கேட்கும்படி நினைவூட்டலாம். வங்கியின் உரிமம் நடப்பில் உள்ளதா? சேகரித்த அணுக்களின் எண்ணிக்கையும் உயிர்ப்பும் எழுத்தில் தரப்படுமா? எண்ணிக்கை குறைவாயின் பணம் திரும்பக் கிடைக்குமா? ஆண்டுக் கட்டணம் நின்றால் இரத்தம் என்னாகும்? வங்கியே மூடப்பட்டால் பொறுப்பு யாருடையது? சேர்ந்தவர்கள் ஒருவர் சேமிப்பை மற்றவர் பெற்றுக்கொள்ளும் கூட்டுத் திட்டங்களும் இப்போது உள்ளன. அவற்றில், போதிய அணுக்களுள்ள பைகள் எத்தனை என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

களப் பணியாளர்கள் செய்யத்தக்கவை

பிரசவ வலி கண்டபின் இவற்றையெல்லாம் ஆலோசிக்க இயலாது. அந்நேரத்தில் ஒரு படிவத்தை நீட்டிக் கையொப்பம் கேட்பது முறையுமன்று. எனவே கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே பேசிவிடுதல் வேண்டும். 2016 முதல் நடைபெறும் பிரதமரின் பாதுகாப்பான தாய்மை இயக்கத்தின்படி ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாளில் நிகழும் பரிசோதனை இதற்கு ஏற்ற தருணம்.

அன்று ஒவ்வொரு தாயிடமும் கேட்கவேண்டிய வினா ஒன்றே: "உங்கள் பிள்ளைகளுள் எவருக்கேனும், அடிக்கடி இரத்தம் ஏற்றவேண்டிய நோயோ வேறு கடும் இரத்த நோயோ உண்டா?" உண்டு என்றால், காலம் தாழ்த்தாது அக்குடும்பத்தை மாவட்ட மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புதல் வேண்டும். ஏழாம் மாதத்திற்குள் ஏற்பாடுகள் முடிந்திருத்தல் நலம். இல்லை என்றால், கடன்பட்டுச் சேமிக்கவேண்டிய அவசியம் இல்லை என்பதையும், கொடியைச் சற்றுத் தாமதித்துக் கட்டும்படி கேட்பதே குழந்தைக்கு நன்மை என்பதையும், வசதியுள்ள இடத்தில் எஞ்சியதைக் கொடையளிக்கலாம் என்பதையும் எடுத்துரைத்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் இரத்தம், மரபு ஆகிய பாடங்களை நடத்துகையில் மேற்கூறிய கணக்குகளையும் மணிச் சோதனையையும் சேர்த்துக்கொள்ளலாம். வகுப்பறையில் இதனை அறிந்துகொண்ட மாணவர்களே நாளை பெற்றோராகி, விளம்பரத்தையும் விஞ்ஞானத்தையும் பகுத்தறிந்து முடிவு செய்பவர்கள். அச்சத்தால் பணத்தைச் செலவிடும் குடும்பத்தையும், அறியாமையால் மருந்தை இழக்கும் குடும்பத்தையும் காக்கக்கூடியது, உரிய காலத்தில் கேட்கப்படும் அவ்வொரு வினாவேயாகும்.